அந்த அக்கா யாரைப் பாத்து கத்துனாங்க?

போன மாசம் எங்க ஏரியாவுல ஒரு சாலை மறியல். குடிதண்ணிக்காகத்தான். லாரி வரும்னு சொன்ன நாள்ல வரல. அடுத்த நாளும் வரல. அதுக்கப்புறம் வந்த தண்ணி வாயில வைக்கிற மாதிரி இல்ல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு பொம்பளைங்க எல்லாம் காலிக் குடத்தோட மெயின் ரோட்டுல உக்காந்துட்டாங்க. நானும் உக்காந்தேன்.

அவ்ளோ ஒழுங்கா நடந்துச்சுங்க அது. ஆம்புலன்ஸ் வந்தப்ப எல்லாரும் எந்திரிச்சு வழி விட்டு, போனதும் திரும்ப உக்காந்தோம். ஸ்கூல் வேனை விட்டோம். இன்ஸ்பெக்டர் வந்தாரு. அவரும் மரியாதையாத்தான் பேசினாரு. "எப்ப லாரி வரும்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சார், இப்பவே எந்திரிச்சிடறோம்"னு பின்தெருவுல இட்லிக்கடை போடுற அக்கா அவர்கிட்ட நின்னு நிதானமா பேசிக்கிட்டே இருந்தாங்க.

நடுவுல ஒரு பைக்காரன் வந்தான். ஓரமா புகுந்து போயிடலாம்னு பாத்தான். உக்காந்திருந்த பாட்டி கால் மேல டயர் ஏறப் போச்சு. அக்கா சட்டுனு திரும்பி, கையை ஓங்கி, "யோவ், கண்ணு தெரியல உனக்கு?"ன்னு போட்டாங்க ஒரு சத்தம். அவன் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். பத்து செகண்டு கூட இருக்காது.

சாயங்காலம் நியூஸ்ல வந்துச்சு. (எந்த சேனல்னு சொல்லல. ஒரு சேனல் பேரைச் சொன்னா மத்த சேனலெல்லாம் யோக்கியம்னு ஆயிடும்.)

முதல் ஷாட், அக்காவோட ஓங்குன கை. க்ளோசப்.

அடுத்த ஷாட், இன்ஸ்பெக்டர் முகம்.

திரும்ப அக்கா. வாய் தொறந்திருக்கு, சத்தம் உச்சத்துல.

கீழ செவப்புப் பட்டையில "போலீசாருடன் பெண்கள் கடும் வாக்குவாதம்". பின்னாடி திம் திம்னு ஒரு மியூசிக். பைக்கைக் காணோம். பைக்காரனைக் காணோம். பாட்டியைக் காணோம். ஆம்புலன்ஸுக்கு வழி விட்டதும் காணோம். கடைசியில நெரிசல்ல மாட்டுன ஒருத்தர்கிட்ட எடுத்த பைட். ஆபீஸுக்கு லேட் ஆயிடுச்சுன்னு அவர் புலம்புறாரு. தண்ணி ஏன் வரலைங்கறதுக்கு ஒரு வரி கூட இல்ல.

மறுநாள் காலையில அக்காவுக்கு விழுப்புரத்துலேருந்து அவங்க நாத்தனார் போன். "ஏங்க அண்ணி, போலீஸை அடிக்கப் போனீங்களாமே? எல்லா சேனல்லயும் வந்துச்சே!"

எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. அதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

யோசிச்சுப் பாருங்க, அந்த நியூஸ்ல பொய்னு எதை நீங்க சுட்டிக் காட்டுவீங்க? கை நெஜம். சத்தம் நெஜம். இன்ஸ்பெக்டர் முகமும் நெஜம். எல்லாம் ஒரே நாள்ல, ஒரே ரோட்டுல எடுத்ததுதான். ஆனா அந்த ரெண்டு ஷாட்டையும் ஒட்டுன இடத்துல ஒரு சண்டை பொறந்துச்சு பாருங்க, அது மட்டும் எங்க ரோட்டுல நடக்கவே இல்ல.

சினிமாக்காரங்களுக்கு இது நூறு வருஷத்துக்கும் மேல தெரிஞ்ச வித்தை. ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒரு இயக்குநர் இருந்தாரு. ஒரு நடிகரோட முகத்தை எடுத்தாரு, எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். அதுக்குப் பக்கத்துல ஒரு தட்டு சூப்பை ஒட்டிக் காட்டுனா பாக்குறவங்க "பாவம், பசியில இருக்கான்"னாங்க. சவப்பெட்டியை ஒட்டுனா "என்னா சோகம்"னாங்க. முகம் மாறவே இல்ல, அதே ஷாட்டுதான். உணர்ச்சியை எல்லாம் பாத்தவங்களே போட்டு நிரப்பிக்கிட்டாங்க. சினிமாவுல அதுக்குப் பேரு கலை. எங்க தெரு இன்ஸ்பெக்டர் முகத்தை வச்சு அதையே நியூஸ்ல செஞ்சா அதுக்கு என்ன பேரு வைக்கிறது?

எனக்கு ஒரு ஃப்ரெண்ட், வேற ஒரு சேனல்ல எடிட்டரா இருக்கான். அவன்கிட்ட கேட்டேன். "மாவட்டத்துலேருந்து அரை மணி நேர ஃபுட்டேஜ் வரும், எனக்கு நாப்பது செகண்டுதான் குடுப்பாங்க. கத்துற விஷுவல் இருந்தா அதைத்தான் முதல்ல வைக்கச் சொல்லுவாங்க. அமைதியா பேசுற விஷுவலை வச்சா ரிமோட்டை அமுக்கிருவாங்கன்னு பயம்"னான். அவன் கெட்டவன் இல்ல. யாரையும் கவுக்கணும்னு உக்காந்து வெட்டவும் இல்ல. அந்த நாப்பது செகண்டுக்குள்ள எது "அடிக்கும்"னு பாத்துப் பாத்து அவனுக்குக் கை பழகிடுச்சு. அது பழகிப் போச்சுங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

சரி, விஷுவலை விடுங்க. அதையாவது நாம கொஞ்சம் சந்தேகப்படுவோம். சத்தத்தை யாருமே சந்தேகப்படறதில்ல. காதுல விழுந்துச்சுன்னா அப்படியே நம்பிடறோம்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல நடந்தது. 2004 ஜனவரி 19. அதிபர் தேர்தலுக்கு டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற போட்டி. முதல் மாநிலம் அயோவா. வெர்மான்ட் மாநிலத்து முன்னாள் கவர்னர் ஹோவர்ட் டீன் அங்க மூணாவது இடத்துக்குப் போயிட்டாரு. ஜான் கெர்ரி முதல்ல, ஜான் எட்வர்ட்ஸ் ரெண்டாவது. தோத்துப் போன ராத்திரி, வேலை செஞ்ச பசங்களுக்குத் தெம்பு சொல்ல டீன் மேடை ஏறினாரு. கோட்டைக் கழட்டி சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, "அடுத்து இங்க போவோம், அங்க போவோம்"னு ஒவ்வொரு மாநிலப் பேரா அடுக்கி, கடைசியில ஒரு கத்து கத்துனாரு.

அன்னிக்கு ராத்திரியே டிவியில அந்தக் கத்தல் ஓட ஆரம்பிச்சுது. பாத்தவங்களுக்கு, அமைதியான ரூம்ல நின்னுக்கிட்டு ஒரு மனுஷன் முகமெல்லாம் செவந்து தனியா கத்துற மாதிரி இருந்துச்சு. "இவருக்கு என்ன ஆச்சு? இவர் கையிலயா நாட்டைக் குடுக்கறது?" நாலு நாள்ல அமெரிக்க சேனல்கள் அதை 633 தடவை போட்டதா அப்பவே எண்ணிச் சொன்னாங்க.

இப்ப அந்த ஹால்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஆயிரக்கணக்கான பேரு. காது கிழியற மாதிரி கத்திக்கிட்டும் விசிலடிச்சுக்கிட்டும் இருந்தாங்க. அந்த இரைச்சலுக்கு மேல தன் குரல் கேக்கணும்னுதான் அவர் கத்துனாரு. ஆனா அவர் கையில இருந்த மைக், வாய்கிட்ட வர்ற சத்தத்தை மட்டும் எடுத்து சுத்துப்பட்டு சத்தத்தை ஒதுக்குற மைக். அந்த மைக்லேருந்து நேரா கேபிள் போட்டு சேனல்களுக்குக் குடுத்தாங்க. அதனால கூட்டத்து சத்தம் வீட்டுக்கு வரவே இல்ல. அவர் குரல் மட்டும் வந்துச்சு.

கூட்டத்துக்குள்ள நின்னவங்க கையில இருந்த கேமராவுல எடுத்த வீடியோ பின்னாடி வந்துச்சு. அதுல அவர் கத்துனதே சரியா கேக்கல! கூட்டத்தோட கூட்டமா கரைஞ்சு போகுது. அங்க இருந்தவங்கள்ல பல பேருக்கு மறுநாள் டிவி பாத்துதான் இப்படி ஒண்ணு நடந்ததே தெரிஞ்சுது. ஏபிசி சேனல்ல டயான் சாயர் இந்த மைக் விஷயத்தை எடுத்து விளக்கமா காட்டுனாங்க. பெரிய சேனல்ல இருந்தவங்களே அதை அளவுக்கு மீறிப் போட்டுட்டோம்னு அப்புறமா சொன்னாங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. (டீன் கத்தலாலதான் தோத்தாருன்னு சில பேரு சொல்லுவாங்க, அது தப்பு. கத்துறதுக்கு முன்னாடியே அவர் மூணாவது. ஆனா எந்திரிக்க நெனச்ச மனுஷனை அந்தக் கத்தல் எந்திரிக்கவே விடல.)

இதுல எனக்கு ஆடிப் போற விஷயம் என்னன்னா, யாரும் அந்த ஆடியோவை வெட்டல, ஒட்டல, சதி பண்ணல. ஒரு சாதாரண மைக். எல்லா மேடையிலயும் இருக்கறது. மேடையில பேசுறவர் குரல் தெளிவா வரணும்னு நல்ல எண்ணத்துல செஞ்ச மைக். கூட்டத்தை அழிச்சா மனுஷனோட அர்த்தமே மாறிப் போகும்னு யாரும் நெனக்கல.

நம்ம ஊர்ல இது தினமும் நடக்குது. ராத்திரி விவாதத்தைப் பாருங்க. நாலு பேரு நாலு ஜன்னல்ல உக்காந்திருப்பாங்க. நெறியாளர் மைக் எப்பவும் தொறந்தே இருக்கும். மத்தவங்க மைக்கோட கன்ட்ரோல் எல்லாம் உள்ள ரூம்ல. ஒருத்தர் ஒரு கணக்கைச் சொல்ல ஆரம்பிப்பாரு, பாதியில சத்தம் இறங்கும். வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கும், கை ஆடிக்கிட்டே இருக்கும், வார்த்தை மட்டும் வராது. பாக்குறவங்களுக்கு என்ன தோணும்? "இந்த ஆளுக்குப் பதில் சொல்லத் தெரியல, கையை கையை ஆட்டுறான்." பதில் சொல்லிட்டாரு. நமக்குக் குடுக்கலை, அவ்வளவுதான்.

சத்தம்னு சொல்லும்போது தமிழ்நாட்டுக்காரங்களுக்கு 2001 ஞாபகம் வராம இருக்காது. ஜூன் 30 விடியக்காலை. மேம்பால வழக்குல கலைஞர் கைது. அப்ப அவருக்கு 77 வயசு. வீட்டுக்குள்ள புகுந்து போலீஸ் அவரை இழுத்துட்டுப் போன காட்சி சன் டிவியில அன்னிக்கு முழுக்க ஓடுச்சு. அவர் அலர்ற குரல்! எங்க வீட்ல அப்ப கட்சி பேதமே இல்லாம எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்க. ஜென்மத்துக்கும் உதயசூரியனுக்கு ஓட்டுப் போடாத எங்க பெரியப்பாவே கண்ணைத் தொடச்சிக்கிட்டாரு. அந்தக் குரல் அப்படி.

இன்னொரு பக்கம் ஜெயா டிவி. போலீஸ் எடுத்த வீடியோன்னு வேற காட்சிகள் அதுல ஓடுச்சு. அதுல போலீஸ் நிதானமா இருக்காங்க, மத்திய மந்திரியா இருந்த முரசொலி மாறனும் கூட இருந்தவங்களும் போலீஸ்கிட்ட மல்லுக்கட்டுறாங்க. ஒரே ராத்திரி, ஒரே வீடு, ஒரே கைது. ரிமோட்ல ஒரு பட்டனை மாத்துனா அநியாயம் பண்ணவங்க யாருங்கறதும் மாறிடுது.

நான் என் கருத்தைச் சொல்லிடறேன். ஒரு முன்னாள் முதலமைச்சரை, அந்த வயசுல, அந்த நேரத்துல, அப்படித் தூக்கிட்டுப் போனது அநியாயம். எந்த வீடியோவும் அதை மாத்தாது. அந்த விவகாரத்துல கவர்னர் பாத்திமா பீவியே பதவியை விட்டுப் போக வேண்டியதாச்சு. ஆனா அன்னிக்கு ரெண்டு பக்கமும் சேந்து தமிழ்நாட்டுக்கு ஒரு கெட்ட பாடத்தைச் சொல்லிக் குடுத்துட்டாங்க. "உன் கட்சிக்கு உன் சேனல், என் கட்சிக்கு என் சேனல்." என்ன நடந்துச்சுன்னு கேக்குறதை விட்டுட்டு யாரோட கேமரான்னு கேக்க ஆரம்பிச்சோம் பாருங்க, இன்னி வரைக்கும் அதுலேருந்து வெளிய வரல.

வெட்டாம, ஒட்டாம, சும்மா முன்ன பின்ன மாத்தி வச்சாலே போதும்ங்கறதுக்கும் ஒரு உதாரணம் இருக்கு. இங்கிலாந்து, 1984 ஜூன் 18. சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் நடந்துக்கிட்டு இருந்த வருஷம். சவுத் யார்க்ஷயர்ல ஆர்க்ரீவ்னு ஒரு இடம், நிலக்கரியை சுட்டு கோக் ஆக்குற ஆலை. அங்க மறியலுக்கு வந்த தொழிலாளர்கள் மேல குதிரைப் போலீஸ் பாஞ்சுது. அன்னிக்கு சாயங்காலம் பிபிசி செய்தியில, தொழிலாளிங்க கல்லெறியறாங்க, அப்புறம் குதிரைப் போலீஸ் பாயுதுன்னு வரிசை. அதாவது, அவங்க அடிச்சாங்க, இவங்க திருப்பி அடிச்சாங்க. தொழிலாளிங்க சொன்னது நேர் எதிரு. முதல்ல குதிரை வந்துச்சு, அப்புறம்தான் கல்லுன்னாங்க.

பிபிசி 1991ல ஒத்துக்கிச்சு. படம் வரிசை மாறிப் போச்சு, தெரியாம நடந்துடுச்சுன்னாங்க. ஏழு வருஷம் கழிச்சு! 95 பேர் மேல கலவர வழக்குப் போட்டிருந்தாங்க. அந்த வழக்கு 1985லயே கோர்ட்ல நிக்காம விழுந்துடுச்சு. 1991ல சவுத் யார்க்ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு நஷ்டஈடு குடுத்தாங்க. பணம் வந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி வீட்ல சோபாவுல உக்காந்து "இவனுங்க கல்லெறிஞ்சா போலீஸ் சும்மா இருக்குமா"ன்னு முடிவு பண்ணினவங்களை எல்லாம் யாரு தேடிப் போய் மாத்தி சொல்றது?

அந்த வரிசை வேணும்னே மாத்துனதா, தவறுதலான்னு எல்லாம் நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல. வேணும்னு செஞ்சாலும் தெரியாம செஞ்சாலும் பாக்குறவங்க மனசுல விழற கல்லு ஒரே கல்லுதான்.

அடுத்தது, கேமரா எவ்வளவு தூரத்துல நிக்குதுங்கறது. 2003 ஏப்ரல் 9. பாக்தாத், ஃபிர்தோஸ் சதுக்கம். சதாம் உசேன் சிலையைக் கவுத்த காட்சி உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். க்ளோசப்ல பாத்தா நாடே திரண்டு வந்து சிலையை சாய்க்கிற மாதிரி. தூரத்துலேருந்து எடுத்த படத்துல சதுக்கத்துல பெரும்பகுதி காலி. நடுவுல ஒரு கூட்டம், அதுல பத்திரிகைக்காரங்களும் அமெரிக்க வீரர்களும் நெறைய. சிலையைக் கடைசியில இழுத்துச் சாய்ச்சது அமெரிக்க ராணுவத்து வண்டி. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அந்த சதுக்கத்துலயே இருந்துச்சு, கேமராக்கள் பக்கத்துலயே இருந்ததுக்கு அதான் காரணம். அன்னிக்குப் பகல் முழுக்க ஃபாக்ஸ் நியூஸ் 4.4 நிமிஷத்துக்கு ஒரு தடவையும், சிஎன்என் 7.5 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் அந்தக் காட்சியைப் போட்டதா ஆய்வு பண்ணி எழுதியிருக்காங்க. போர் முடிஞ்சு போச்சுன்னு அமெரிக்கா நம்புச்சு. முடியல.

இதோட சின்ன வடிவம்தான் நம்ம சென்னை மழை நியூஸ். ஒவ்வொரு மழைக்கும் அதே சுரங்கப்பாதை, அதே முழங்கால் தண்ணி, நடுவுல நின்னு பேசுற நிருபர். துபாய்லேருந்து சித்தப்பா போன் பண்ணி "ஊரே மூழ்கிடுச்சாமே"ன்னு பதறுவாரு. ஜன்னல் வழியா பாத்தா எங்க தெருவுல தண்ணி வடிஞ்சு பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. 2015 டிசம்பர்ல நெஜமாவே மூழ்குச்சு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா 2015க்கும் சாதாரண ஐப்பசி மழைக்கும் ஒரே விஷுவல், ஒரே மியூசிக் போட்டா, அடுத்த தடவ நெஜமா மூழ்கும்போது ஜனங்க எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பாங்க?

ஒண்ணு சொல்லிடணும். தேர்ந்தெடுத்துக் காட்டுறதே தப்புன்னு நான் சொல்லவே இல்ல. ரெண்டு மணி நேர மறியலை ரெண்டு மணி நேரமாவே போட முடியாது, வெட்டித்தான் ஆகணும். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூடு, அன்னிக்கும் மறுநாளும் சேத்து 13 உயிர் போச்சு. வேன் மேல படுத்துக்கிட்டு, யூனிஃபார்ம் இல்லாம, துப்பாக்கியைக் குறி வச்சுப் பாக்குறாரே ஒருத்தர், அந்தக் காட்சி சில செகண்டுதான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டதாலதான் நாடே கேள்வி கேட்டுச்சு. அந்தக் கேமராமேனுக்குக் கோடி கும்பிடு. அங்க அந்த சில செகண்டு, நடந்ததைப் புரிய வச்சுது. எங்க தெருவுல போட்ட சில செகண்டு, நடந்ததை மறைச்சுது. நான் கேக்கறது இந்த வித்தியாசத்தைத்தான்.

சரி, பாக்குற நாம என்னதான் பண்றது? வீட்ல நான் சிலதைச் செஞ்சு பாத்தேன். சொல்றேன்.

முதல்ல, மியூட். எங்க அப்பாவுக்கு நியூஸ் இல்லாம சாப்பாடு இறங்காது. ரிமோட்டை வாங்கி சத்தத்தை நிறுத்துனேன். "சத்தம் இல்லாம என்னத்தம்மா பாக்குறது?"ன்னாரு. பத்து நிமிஷம் பொறுங்கப்பான்னேன். கொஞ்ச நேரத்துல அவரே சொன்னாரு: "இதே பஸ்ஸு கண்ணாடி ஒடையறதைத்தானம்மா அப்பேலேருந்து காட்டுறான்?" ஆமாப்பா! அதேதான்! சத்தம் இருந்த வரைக்கும் ஊர்ல பஸ்ஸு பஸ்ஸா ஒடையற மாதிரி இருந்துச்சு. சத்தம் போனதும் ஒரே ஒரு பஸ்ஸு, ஒரே ஒரு கல்லு.

ஆனா மியூட் மட்டும் பத்தாது. கீழ ஓடுற பட்டை இருக்கே, அது கண்ணைப் பிடிச்சு இழுத்துடும். "பரபரப்பு", "அதிர்ச்சி", "சிக்கினார்". படத்தைப் பாக்குறதுக்கு முன்னாடியே அதைப் பத்தி என்ன நெனக்கணும்னு எழுதி வச்சிடறாங்க. டிவியோட கீழ்ப்பக்கம் ஒரு துண்டைத் தொங்க விட்டுப் பாத்தேன். (அம்மா திட்டுனாங்க, டிவி சூடாயிடும்னு.) துண்டைப் போட்டதும் அந்தப் படங்கள்ல பாதி எதைப் பத்தினதுன்னே புரியல. ஒரு கார் போகுது. ஒரு கேட் தொறக்குது. நாலு பேரு வேகமா நடக்குறாங்க. அவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம் எழுத்தும் மியூசிக்கும் சேந்து கட்டுனது.

அப்புறம், படம் இல்லாம காதால மட்டும். இது அம்மா தெனமும் செய்யறதுதான், அடுப்படியில இருந்துக்கிட்டே. நானும் அங்க நின்னு கேட்டேன். அப்பத்தான் கவனிச்சேன், செய்தி வாசிக்கறதுக்கு முன்னாடியே மியூசிக் வந்துடுது. விஷயம் என்னன்னு தெரியறதுக்குள்ள நெஞ்சு திக்குன்னு ஆயிடுது. அதுக்கப்புறம் வெங்காய விலையைச் சொன்னாலும் பயமாத்தான் இருக்கும். ஆல் இந்தியா ரேடியோவுல பல வருஷமா கேட்டோமே, ஒரு குரல், நிதானமா. அதுல போர் நியூஸும் வந்துச்சு, புயல் நியூஸும் வந்துச்சு. ஒருத்தருக்கும் புரியாமப் போகல.

அடுத்தது, ஒரே செய்தியை நாலு சேனல்ல மாத்தி மாத்திப் பாக்கறது. நல்ல யோசனைன்னு நெனச்சேன், பெருசா பலிக்கல. காரணத்தை அந்த எடிட்டர் ஃப்ரெண்டுதான் சொன்னான். பல ஊர்ல ஒருத்தர் எடுத்த விஷுவலை மத்த சேனல் நிருபர்களும் வாங்கி அனுப்பிப்பாங்களாம். தேசிய அளவுல பாத்தா ஏஎன்ஐ மாதிரி ஒரே ஏஜென்சி எடுத்த வீடியோ எல்லா சேனலுக்கும் போகுது. அதனால ஆறு சேனல்ல அதே காட்சி வந்தா ஆறு சாட்சின்னு எண்ணிக்காதீங்க. ஒரே கேமரா, ஒரே ஆள் நின்ன இடம், அவர் ஆன் பண்ண நேரம். எல்லா சேனல்லயும் வந்துச்சேன்னு விழுப்புரத்து நாத்தனார் சொன்னதுக்கும் இதுதான் காரணம்.

உருப்படியா பலிச்சது ஒண்ணே ஒண்ணு. முழு வீடியோ. பிரஸ் மீட், சட்டசபைப் பேச்சு, பொதுக்கூட்டம் எல்லாம் இப்ப யூட்யூப்ல முழுசா கெடைக்குது. டிவியில ஒரு தலைவர் சொன்னதா ஒரு வரி பைட் வந்து வீடே சண்டை போடும்போது, முழுசையும் போட்டு அந்த வரிக்கு முன்னாடி ரெண்டு நிமிஷமும் பின்னாடி ரெண்டு நிமிஷமும் கேக்குறேன். நிருபர் என்ன கேள்வி கேட்டாரு, அதுக்கு இது பதிலா, "அப்படின்னு அவங்க சொல்றாங்க"ங்கற வால் வெட்டுப்பட்டிருக்கான்னு பாக்குறேன். எனக்குப் பிடிக்காத தலைவர் பேச்சுக்கும் இதைச் செய்யறேன். அவங்களுக்குத்தான் கட்டாயமா செய்யணும். ஏன்னா பிடிக்காதவங்களைப் பத்தின துண்டுகளைத்தான் நாம கேள்வியே கேக்காம முழுங்குறோம்.

எங்க தெரு மறியலுக்கு அப்படி முழு வீடியோ இல்ல. ஒரு தம்பி போன்ல எடுத்தது கொஞ்சம் இருந்துச்சு, பைக்காரன் வர்றது அதுல தெளிவாத் தெரியுது. அதை அக்காவோட சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் அனுப்பினோம். அந்த சேனலுக்கும் தேதி, நேரம் போட்டு, எது விட்டுப் போச்சுன்னு எழுதி மெயில் அனுப்பியிருக்கேன்.

நீங்களும் அனுப்பலாம், நெறைய பேருக்கு இது தெரியல. 2021ல கேபிள் டிவி விதிகள்ல திருத்தம் கொண்டு வந்தாங்க. அதுப்படி பாக்குறவங்க யாரு வேணும்னாலும் சேனலுக்கு நேரா புகார் குடுக்கலாம், 15 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். திருப்தி இல்லேன்னா அந்த சேனல் எந்த சுயக் கட்டுப்பாட்டு அமைப்புல உறுப்பினரோ அங்க மேல்முறையீடு. நியூஸ் சேனல்களுக்கு என்பிடிஎஸ்ஏன்னு ஒண்ணு இருக்கு, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில. சேனல்களை மன்னிப்பு கேக்கச் சொல்லியிருக்காங்க, அபராதம் போட்டிருக்காங்க, வீடியோவை எடுக்கச் சொல்லியிருக்காங்க. எல்லா சேனலும் அதுல உறுப்பினர் இல்லங்கறது குறைதான். ஒளிபரப்புனதை சேனல்கள் 90 நாள் வரைக்கும்தான் பத்திரமா வச்சிருக்கணும்னு இருக்கு, அதனால ஆறப் போடாம உடனே எழுதணும்.

எழுதும்போது "உங்க சேனல் மோசம்"னு எழுதாதீங்க. எத்தனை மணி செய்தி, எந்தக் காட்சி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எதை விட்டுட்டாங்கன்னு மட்டும் எழுதுங்க. கையில வீடியோ இருந்தா சேத்து அனுப்புங்க. உங்க ஊர்ல, உங்க கண் முன்னாடி நடந்ததை டிவியில வேற மாதிரி பாத்திருந்தா, தயவு செஞ்சு சும்மா இருந்துடாதீங்க. அங்க நின்னு பாத்தவங்க நீங்க. நீங்க எழுதலேன்னா எழுதறதுக்கு வேற ஆளே கிடையாது.